அம்மாவின் வலது கையும் ஒரு காலித் தூக்குவாளியும்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மா வீடு திரும்பியதிலிருந்து எங்கள் அடுப்பு எரியவே இல்லை. தெருவே சமைத்துப் போடுகிறது.

இன்று காலையில் பிசியோதெரபிக்காரர், வலது கையைத் தூக்கச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சிவிட்டுப் போனார். கை அசையவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு நூர்ஜகான் அக்கா, நேற்று கஞ்சி கொண்டுவந்த தூக்குவாளியை வாங்க வந்தார். கழுவி வைத்திருந்ததை அப்படியே நீட்டினேன்.

கட்டிலிலிருந்து ஓர் உறுமல். திரும்பிப் பார்த்தால், அம்மாவின் வலது கை தலையணைக்கு மேலே எழும்பிச் சமையலறையைக் காட்டுகிறது!

"வெறும்... பாத்திரமா... குடுப்ப?"

எங்கள் தெருவில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தர மாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது இருக்க வேண்டும். நான் மறந்துவிட்டேன். அம்மா மறக்கவில்லை.

சர்க்கரை எடுக்க ஓடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"சர்க்கரைலாம் வாணாம்மா. நாளைக்கும் கஞ்சி எடுத்துக்கினு வரேன். நீ நாளைக்கும் வெறுமனேயே குடு. உங்கம்மா கை இன்னும் கொஞ்சம் மேல வரட்டும்."

தெருக்காரர்களே, உங்கள் பாத்திரங்கள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. ஒவ்வொருவராக வாருங்கள். காலியாகவே தருகிறேன்.