அடைப்புக்குறிக்குள் அப்பா

மன்னார்குடியில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இனிஷியல் தகராறுதான். அன்று வந்த ஓர் அம்மாவுக்கும் அதே தகராறுதான். நரைத்த கிராப்பு, சேறு காய்ந்த செருப்பு. என் மேஜையில் ஓடிய சிலந்தியைச் சின்னக் குப்பியில் பிடித்து, உற்றுப் பார்த்து, “நீதானா” என்று திறந்துவிட்டார். வயல் சிலந்திகளை வகைபிரித்துப் பெயர் வைப்பது அவர் வேலையாம்.

“சர்டிபிகேட்ல அப்பா இனிஷியல், ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல். எதை வைக்கிறதுங்க மேடம்?” என்று கேட்டேன்.

“சிலந்திக்கும் இதே கதைதாம்மா. அதோட அறிவியல் பேர்ல ரெண்டு பகுதி. முதல் பேர் எந்தப் பேரினம்னு சொல்லும், நம்ம இனிஷியல் மாதிரி. ரெண்டாவதுதான் சொந்தப் பேர். பின்னாடி ஆராய்ஞ்சு வேற பேரினத்துல சேத்தா, முதல் பேர் மாறிடும்.”

“கல்யாணம் ஆன மாதிரி.”

“ஆமா. ஆனா முதமுதல்ல பேர் வச்சவரை விட்டுட மாட்டோம். அவர் பேரைக் கடைசில அடைப்புக்குறிக்குள்ள போட்டுடுவோம். எனக்கும் அப்படியே அடிங்க. முன்னாடி வீட்டுக்காரர், கடைசில எங்கப்பா.”

அடித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் அடைப்புக்குறியை ஏற்கவில்லை.

“சிலந்திக்குக் கிடைக்கிற மரியாதை நமக்கு இல்ல பாத்தீங்களா” என்று சிரித்தவர், அப்பா இனிஷியலையே போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் என் பெயரையும் அவர் சொன்னபடி, முன்னால் என் வீட்டுக்காரர் இனிஷியலும் கடைசியில் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயருமாக எழுதி, அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

“என்னை எதுக்கு உள்ள போட்டு அடைச்சிருக்க?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அந்த அம்மாதான் வர வேண்டும்.