பார்க்காமலே இல்லை என்றது

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

முந்திரிக்காடு எனக்கும் என் நாத்தனாருக்கும் பொது. அதை விற்ற பணத்தைக் காயினில் போடச் சொன்னது என் கொழுந்தன். கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற காசாம், கையில் தொட முடியாதாம். இரண்டு பேர் பங்கையும் தன் கணக்கிலிருந்து என் போனில் ஏற்றிக் கொடுத்தான். பிறகு ஒரு நாள் வந்து, திரும்பத் தன் கணக்குக்கே மாற்றினால் இன்னும் கூடும் என்றான். அவன் காட்டிய இடத்தில் அமுக்கினேன். கொஞ்ச நாளில் காயின் கம்பெனியே மூடிப் போனது. போனில் ஒன்றும் திறக்கவில்லை.

நாத்தனார் திருமயத்திலிருந்து வந்து கேட்டபோது அவன் கூசாமல் சொன்னான்.

"மதினி எனக்கு அனுப்பவே இல்லை. போன் அவுக கையிலதான இருந்துச்சு."

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. அனுப்பினேன் என்றுதான் சொன்னேன். அது என் காதுக்கே கேட்கவில்லை.

என் அண்ணன் மகள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். லீவுக்கு வந்திருந்தாள். கம்பெனி மூடினாலும் கணக்குப் புத்தகம் அழியாது என்றாள். யார் யாருக்கு அனுப்பினாலும் பக்கம் பக்கமாக அதில் பதிந்துவிடுமாம். அதே கணக்கு ஊர் ஊராகப் பல கம்ப்யூட்டரில் இருப்பதால் யாரும் திருத்த முடியாதாம். ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத் தேடினால் அவள் லீவு முடிந்துவிடும். அதனால் கம்ப்யூட்டருக்குள்ளேயே பல வேலையாட்களை உண்டாக்கி, ஆளுக்கொரு பாகம் பிரித்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் தேட விட்டாள். கடலைக் கொல்லையில் ஆள் இறக்குகிற மாதிரிதான்.

நாத்தனாரையும் வரச் சொல்லியிருந்தோம். மத்தியானம் தேடி முடிந்தது. அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள்.

"அத்தை, ஒங்க போனுக்கு வந்தது இருக்கு. போனதக் காணமே."

நாத்தனார் காப்பியைத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் டீக்கடையில், கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்று கொழுந்தன் பேசினானாம்.

மறுநாள் அண்ணன் மகள் முகம் சுண்டி வந்தாள். அந்தக் கணக்குப் புத்தகம் இருக்கிற கம்ப்யூட்டர், ஒரே நேரத்தில் இத்தனை பேர் கேட்டால் தாங்காது என்று ஒரு வேலையாளைத் திருப்பி அனுப்பியிருந்தது. அவன் தன் பாகத்தைப் பார்க்கவே இல்லை. வெறுங்கையோடு வந்தவனை, தேடியும் கிடைக்காமல் வந்தவன் என்று இவள் எழுதிய புரோகிராம் எடுத்துக்கொண்டது. தப்பு தன்னுடையதுதான் என்றாள். பார்க்காதவன் எப்படி இல்லை என்று சொல்லலாம்? அன்றைக்கு நான் அவளைச் சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை.

ஆட்களைக் குறைத்து, திருப்பி அனுப்பினால் மறுபடி போய்க் கேட்கும்படி செய்து, விட்டுப்போன பாகத்தைத் தேடினாள். இருந்தது. கொழுந்தன் எந்தக் கணக்கிலிருந்து எனக்கு ஏற்றிக் கொடுத்தானோ, அதே கணக்குக்கு என் போனிலிருந்து போயிருந்தது. அன்றைக்கே அங்கிருந்து வேறெங்கோ மாறியும் இருந்தது. கொழுந்தன் போனை அணைத்துவிட்டு மதுரையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான்.

சேதி கேட்டு நாத்தனார் ஓடி வந்தாள். "மிசினு மொத தப்பாச் சொல்லிருச்சு மதினி. இப்பச் சரியாச் சொல்லிருச்சுல்ல" என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"அது இல்லைன்னப்பவும் நம்புன, இருக்குன்னப்பவும் நம்புன. நான் அனுப்பிட்டேன்னு சொன்னப்ப ஏன் நம்பலை?"

இந்த முறை என் குரல் தெருவரை கேட்டிருக்கும்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள். நான் நின்றுகொண்டே போனேன்.