எதுக்கும் அக்காவின் ரீபாய்லர்

அலுவலகத்தில் அவளுக்கு ‘எதுக்கும் அக்கா’ என்று பெயர். எந்தக் கணக்கைப் போட்டாலும் வந்த விடையோடு, “எதுக்கும் இருக்கட்டும்” என்று கால் பங்கு கூட்டிவிடுவாள். கைப்பையில் ஒரு குடை. அது கிழிந்துவிட்டால் என்று இன்னொரு குடை. கைக்கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். இருபது வருடத்தில் அவள் வடிவமைத்த எதுவும் போதாமல் போனதில்லை. அதிகமாகிப் போனதா என்று யாரும் கேட்டதுமில்லை.

கேட்கும் நாளும் வந்தது. மெத்தனாலையும் தண்ணீரையும் பிரிக்க அவள் வடிவமைத்த கோபுரத்துக்கு அன்று சோதனை. ஆறு மாடி உயரம், உள்ளே முப்பது தட்டுகள். அடியில் கலவையைக் கொதிக்கவைக்கும் ரீபாய்லர்: நெட்டுக்குத்தாக நிற்கும் குழாய்க் கூட்டம். குழாய்க்குள் கலவை, வெளியே சுற்றிலும் நீராவி. சீக்கிரம் கொதிக்கும் மெத்தனால் மேலே போக, தண்ணீர் கீழே வரும். அந்தத் தண்ணீரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் மெத்தனால் இருக்கக் கூடாது, விஷம். மாலை நாலு மணிக்குள் அப்படியொரு மாதிரித் தண்ணீரைப் பிடிக்காவிட்டால் கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று, வாங்கிய ஆலையின் மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார். வரைபடத்தின் மூலையில் இருந்த ஒரே கையெழுத்து அக்காவுடையது.

ஒரு மணிக்கு ரீபாய்லர் தட்ட ஆரம்பித்தது. உள்ளே யாரோ சுத்தியலோடு மாட்டிக்கொண்ட மாதிரி டங் டங் என்று சத்தம். நீராவி வால்வை நூலளவு திறந்தால் கலவை பொங்கித் தட்டுகளை மூழ்கடித்தது. மூடினால் சூடு இறங்கி மெத்தனால் கீழே வழிந்தது. மூன்று மாதிரி எடுத்தார்கள். மூன்றும் தேறவில்லை.

வால்வைப் பிடித்திருந்த ஃபோர்மேன் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். “இந்த ரீபாய்லர் சட்டி ரொம்பப் பெருசும்மா. எவ்வளவு பெருசுன்னு உண்மையைச் சொன்னா ஒரு வழி இருக்கு.”

நீராவி குளிர்ந்து தண்ணீராகிறதல்லவா, அதை வெளியே விடாமல் தேக்கினால் குழாய்களின் கீழ்ப்பகுதி அதில் முழுகிவிடும். மேல்பகுதி மட்டும் வேலை செய்யும். எவ்வளவு மூழ்கடிப்பது என்பதுதான் கேள்வி.

மேலாளர் பக்கத்திலேயே நின்றார். அவர் பக்கம் திரும்பாமல் அக்கா சொன்னாள்:

“கால் பங்கு நான் கூடப் போட்டேன்.”

கால் பங்குக்கு இந்த ஆட்டம் ஆடாது என்றார் ஃபோர்மேன். அவள் கணக்கை வைத்துப் படம் வரைந்த வரைபடக்காரர் மூலையில் இருமினார்.

“நீங்க போட்டது எனக்குத் தெரியாதுக்கா. நானும் அஞ்சுல ஒரு பங்கு சேத்துட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு.”

அக்காவின் அலுவலகக் கொள்முதல்காரரைப் போனில் பிடித்தார்கள். கேட்ட அளவு கிடைக்காமல் அடுத்த பெரிய அளவை வாங்கியதாக ஒப்புக்கொண்டார். பெருசா இருந்தா நல்லதுதானே என்று எதிர்க்கேள்வி வேறு.

அக்கா கூட்டிப் பார்த்தாள். இருபது சதுர மீட்டர் போதுமான இடத்தில் முப்பத்தாறு நின்றது.

“நூத்துக்கு நாப்பத்தி நாலு மூழ்கடிங்க,” என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் கூட்டவில்லை. மேலாளர் மணியைப் பார்த்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தண்ணீர் ஏற ஏறத் தட்டல் குறைந்து, நின்றது. ஆனால் முப்பது தட்டும் நிதானத்துக்கு வர வேண்டுமே. பொறி பறந்தால் ஆபத்து என்று போனைப் பிடுங்கிவைத்துவிட்டு அக்காவைக் கோபுரத்தடிக்கு அனுப்பினார்கள். கையில் மாதிரிப் புட்டி. எதிரே வெப்பமானி, முள் தேவையான சூட்டுக்குப் போட்ட சாக்பீஸ் கோட்டைத் தொட்ட பிறகு பிடித்தால்தான் பயன். முள் ஏறுவேனா என்றது.

தொட்டபோது கைக்கடிகாரத்தில் நாலு பதிமூன்று. பத்தைக் கழித்தாள். நாலு மூன்று. கெடு தாண்டிவிட்டது. புட்டியைத் தரையில் வைத்தாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. “என்ன மேடம் வேடிக்கை பாக்குறீங்க? இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, பிடிங்க.” மேலாளரின் குரல்; கட்டுப்பாட்டு அறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிடித்தாள். ஆய்வகம் முக்கால் மணி நேரம் அவளை வேகவைத்துவிட்டு, ஆயிரத்தில் முக்கால் பங்கு என்று சீட்டு அனுப்பியது. தேறிவிட்டது. அடுத்த கோபுரத்துக்கு மூன்று பேரையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டித்தான் கணக்குப் போடச் சொல்வேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார் மேலாளர்.

வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றிக் கணவர் முன்னால் வைத்தாள்.

“இதுல கை வெச்சீங்களா?”

“அஞ்சே நிமிஷம். நீ வெச்ச பத்தை நீயே கழிச்சிடுறே. அதான், எதுக்கும்...”

“உங்க அஞ்சு நிமிஷம் என் கோபுரத்தையே கழட்டியிருக்கும்,” என்றவள், முள்ளைச் சரியாக வைக்கச் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“சத்தியமா அதை நான் தொடலை,” என்றார் அவர்.

உள்ளறையில் மகள் இருமினாள்.