வெறும் போத்தல்

வெள்ளவத்தை ஒழுங்கையில் நாகேந்திரத்துக்கு நல்ல பெயர். மருதானை ரெயில்வே கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம். வெளியே அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார். வீட்டுக்குள்ளேதான் அந்தக் கை நீளும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தால் போதும், ஒன்பது வயது மகள் பத்மாவதி காதுகளைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடுவாள். நாற்பத்தாறாம் ஆண்டு ஒருநாள் அவர் அடித்த அடியில் அந்தக் காதிலிருந்து இரத்தம் வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, இன்னொருக்கா கை வைச்சியளெண்டா பிள்ளையோட கொட்டாஞ்சேனை அண்ணை வீட்டை போயிடுவன்," என்றாள் மனைவி பாக்கியலெட்சுமி. சொன்னதோடு நிற்கவில்லை, பெட்டியையும் அடுக்கி வைத்துவிட்டாள்.

மனிதர் பயந்துபோனார். காதுக்கு மருந்து போட்ட டாக்குத்தரிடமே தன் கைக்கும் மருந்து கேட்டாராம்! அவர் கல்கிசையில் இருந்த தில்லைநாதன் என்ற இன்னொரு டாக்குத்தரிடம் அனுப்பினார். யுத்தத்தில் மனம் கலங்கி வந்த பட்டாளத்துக்காரருக்குக் கதைத்தே வைத்தியம் பார்த்தவர் அவர். தண்ணி மருந்து வாங்கப் போத்தல் கொண்டுபோவதுதானே வழக்கம்? நாகேந்திரம் கழுவிய போத்தலோடு போனார், வெறும் போத்தலோடு திரும்பி வந்தார். வாராவாரம் இதே கூத்து.

பாக்கியலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சும்மா கதைக்கவோ கல்கிசை மட்டும் போறியள்?"

"ஓம். என்ரை அப்பா அடிக்கிறதுக்கு முதல் என்ன செய்வார் எண்டு கேக்கிறார். எனக்கு ஞாபகம் வருகுதில்லை."

கலியாணம் முடித்த பன்னிரண்டு வருடத்தில் தகப்பனைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான்.

ஆறாவது வாரம் போத்தலைக் கழுவிக்கொண்டு வந்த பத்மாவதி அதைக் கைதவற விட்டாள். தரையெல்லாம் சில்லு. நாகேந்திரம் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிள்ளை காதுகளைப் பொத்தினாள். தாய் பெட்டியைப் பார்த்தாள்.

ஆனால் கண்ணாடி சட்டைப் பைக்குப் போகவில்லை. கையிலிருந்த அதையே பார்த்தபடி நின்றார். "அப்பாவும் முதல் இதைத்தான் கழட்டுவார், பாக்கியம்," என்றார். சின்னப்பிள்ளையின் குரல் அது. அதைத் திரும்பப் போட்டுக்கொண்டு நிலத்தில் குந்தினார்.

"அசையாதை பிள்ளை, காலிலை குத்திப்போடும்."

எத்தனை நேர்த்திக்கடன், எத்தனை விரதம்! அதற்கெல்லாம் இறங்காத கையை வெறும் பேச்சு இறக்கிவிட்டதே என்று பாக்கியலெட்சுமிக்கு மேல் புல்லரித்தது. அவர் ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினார். பத்மாவதி ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மற்றதிலிருந்தும் எடுத்தாள்.