கோமியோ என்றால் சாப்பிட்டார்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வருஷம் அது. அந்த நேரம் பார்த்துத்தான் கரியாலூரிலிருந்து என்னை வேலைக்குப் பேசக் கூப்பிட்டார்கள். கல்வராயன் மலையில் சின்ன ஆஸ்பத்திரி. ஸ்பெயினிலிருந்து வந்திருந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. இங்கிலீஷும் என்னுடையதைப் போல நொண்டும். நோயாளிகள் சொல்வதை அவருக்குப் புரியவைக்க ஒரு பெண் வேண்டும், ஸ்பானிஷ் கொஞ்சம் தெரிந்தால் நல்லது என்றார்கள். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். வேலை கிடைத்தால் அந்தப் பேச்சு நிற்கும், இல்லையென்றால் தை மாதம் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

பாண்டிச்சேரி பழைய புத்தகக் கடையில் ஒரு ஸ்பானிஷ் புத்தகம் வாங்கி, எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டையில் உட்கார்ந்து நானே படித்தேன். மாடு, மழை, வயிற்றுவலி என்று வார்த்தைகள் ஏறிவிட்டன. இறந்தகாலம்தான் படுத்தியது. இங்கிலீஷில் யார் சாப்பிட்டாலும் ஒரே சொல். ஸ்பானிஷோ நம் தமிழ் மாதிரி வாலில் ஆளைக் காட்டும். கோமி என்றால் சாப்பிட்டேன், கோமிஸ்தே சாப்பிட்டாய், கோமியோ சாப்பிட்டார்.

கரியாலூருக்கு வரச்சொன்ன அன்று காலை தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட புடவையோடு பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சியை நெருங்கும்போது ரோட்டில் புளியமரம் படுத்துக் கிடந்தது. மறியலில் நின்ற ஒருவர், "எறங்கி நடங்கம்மா, பஸ்ஸு இன்னிக்கு நவுராது" என்றார். நடந்தேன். கால் ஓய்ந்து, ரோட்டோர வீடு ஒன்றின் வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா, ஒண்டியா குந்திக்கினு இருக்குற? சாப்ட்டியா?"

பதிலுக்குக் காத்திராமல் சொம்பு நிறையக் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். குடித்ததும் உயிர் வந்தது. கூடவே பாடமும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "கோமியோ, கோமியோ" என்று உருப்போட்டேன்.

தலையில் சில்லென்று ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்தால் அதே அம்மா, ஒரு கையில் கொட்டாங்குச்சி, மறு கையில் மாவிலை.

"சாவு வூட்லேருந்து வரேன்னு வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? ஈரத்தலையப் பாத்தப்பவே நெனச்சன். கோமியம் கேக்க இன்னாத்துக்கு வெக்கம்? நம்ம மாடுதான்."

"ஐயோ, பொடவைங்க..."

"பொடவைக்கும்தான் தீட்டு" என்று அதற்கும் தாராளமாகத் தெளித்தார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற ஜீப் கிடைத்தது. நெருக்கியடித்து ஏறுகிற வண்டி அது. அன்று என் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை, சௌகரியமாகவே போனேன்.

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரே ஒரு சொல்தான் கேட்டார்.

"கோமிஸ்தே?"

வாடை அவர் வரைக்கும் போய்விட்டது என்று கூசிப்போய், தமிழிலேயே கொட்டிவிட்டேன். "ஆமாங்க டாக்டரம்மா, கோமியம்தாங்க. ஒரு அம்மா தெளிச்சிட்டாங்க. சாவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

மருந்து எடுத்துக் கொடுக்கிற மலைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யக்கா, அவங்க பாஷையில சாப்ட்டியான்னு கேக்குறாங்க. நாங்க தெனம் கேட்டுக் கேட்டு அவங்களுக்கும் ஒட்டிக்கிச்சு."

அப்போதுதான் வால்கள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. நடந்தேன், உட்கார்ந்தேன், குடித்தேன், அவர் தெளித்தார் என்று முழுக்கதையையும் ஸ்பானிஷ் இறந்தகாலத்தில் சொன்னேன். மாடு என்பதற்கு வார்த்தை இருந்தது, மீதியைக் கையால் காட்டினேன். எப்படிக் காட்டினேன் என்று கேட்காதீர்கள். டாக்டரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் சோப்பைக் கொடுத்தார், அப்புறம்தான் வேலையைக் கொடுத்தார்.

நீ எந்த ஆள், எந்தப் பக்கம் என்று ஒருவரையொருவர் அளந்துகொண்டிருந்த நாட்கள் அவை. முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் இரண்டு மொழியில் என்னிடம் கேட்டது சாப்பிட்டாயா என்று மட்டும்தான். இன்றைக்கும் என் வாசலில் யார் வந்து நின்றாலும், பேர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது அதைத்தான்.