வண்டி நின்னா எறங்குறேன்

தண்டவாளத்தில் காதை வைத்தால் முதலில் சுரீரென்று குளிர்தான் ஏறும். கன்னம் மரத்துப்போய், இனி முடியாது என்று தலையைத் தூக்கப் போகிற நேரத்தில், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய அதிர்வு இரும்புக்குள்ளேயே வந்து காதைக் கூசவைக்கும். "கோச்சி வருது, கோச்சி வருது!" என்று நானும் தம்பியும் எழுந்து குதிப்போம். அம்மா உடனே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, கலைந்த தலைமயிரை ஒதுக்கி, பெண் பார்க்க யாரோ வருகிறார்கள் என்பதுபோல் நின்றுகொள்வாள். வருகிறவர் அவளுடைய அப்பா, எங்கள் தாத்தா. வருகிறவர் என்றா சொன்னேன்? போகிறவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் தலவாக்கலைக்கும் வட்டகொடைக்கும் நடுவே, ரயில்பாதை மலையைச் சுற்றிக்கொண்டு ஏறுகிற இடத்தில் இருந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குக் கீழே ஒரு வளைவு; அங்கிருந்து பாதை பெரிய சுற்றொன்று சுற்றி, லயத்துக்கு மேலே இன்னொரு வளைவாக வந்து சேரும். அந்தக் காலத்துக் கரிக்கோச்சி இந்த ஏற்றத்தில் படுகிற பாடு பார்க்கப் பாவமாக இருக்கும். பெட்டியோடு பெட்டியாக நடந்துகொண்டே உள்ளே இருப்பவரோடு பேசலாம், அவ்வளவு மெதுவாகத்தான் நகரும். கீழ்வளைவில் அதை அனுப்பிவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் மூச்சிரைக்க ஓடினால், அது சுற்றி வருவதற்குள் மேல்வளைவில் போய் நின்றுவிடலாம். எங்கள் குடும்பத்துக்குச் சேதி வந்தது இந்த இரண்டு வளைவுகளின் வழியாகத்தான்.

தாத்தா அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மாமாவோடு இருந்தார். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, கந்தப்பளையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தா அட்டனில் கோச்சி ஏறி, நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் பெரியம்மா வீட்டுக்குப் போவார். திங்கட்கிழமை பின்னேரக் கோச்சியில் திரும்புவார். போகும்போது மாமா வீட்டுச் சேதி, வரும்போது பெரியம்மா வீட்டுச் சேதி. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னலில் இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டு, தலைப்பாகையை ஒரு கையால் பிடித்தபடி, பாதியைக் கீழ்வளைவிலும் மீதியை மேல்வளைவிலும் கத்திச் சொல்வார். திரும்பும்போது மேலே பாதி, கீழே பாதி.

சேதியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். குசும்பு பிடித்த மனிதர், வேண்டுமென்றேதான் நிறுத்துவார். "ஒங்க மாமனுக்குச் சம்பந்தி வீட்டுல சேவல் ஒண்ணு குடுத்தாங்க! நல்ல சாதிச் சேவல்னு லயம் பூராத் தூக்கிட்டுப் போயிக் காமிச்சான்! நேத்துக் காலைல பாத்தா..." என்று இழுப்பார், கோச்சி திரும்பிவிடும். சேவல் செத்துப்போயிற்றா, களவு போயிற்றா, மாமியைக் கொத்திவிட்டதா என்று கேட்டுக்கொண்டே நாங்கள் ஏறி ஓடுவோம். மேல்வளைவில் ஜன்னல் வந்ததும், "முட்ட போட்டிருச்சு!" என்பார். எங்களுக்கு முன்னால் அந்தப் பெட்டியே சிரிக்கும்.

இன்னொரு மாதம் லிந்துலையில் ஒரு கல்யாணம். "பந்தியில பாயாசம் பத்தல! மாப்பிள்ளையோட சித்தப்பன் கோவிச்சுகிட்டு எலய மடிச்சுட்டாரு!" என்று கீழே சொன்னவர், மேலே வந்து, "பெறகு பாயாசம் வந்துச்சு! மடிச்ச எலய அவரே விரிச்சுட்டாரு!" என்று முடித்தார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரு வாரத்துக்கு லயத்தில் யார் கோபித்துக்கொண்டாலும், "எலய விரிச்சுருங்க" என்பதுதான் பேச்சு.

சேதியோடு சாமானும் வந்து விழும். முறுக்கு, அல்வா, கண்ணாடி வளையல், பழைய துணியில் சுற்றிய வெல்லம் எல்லாம் ஜன்னலிலிருந்து பறக்கும். வெல்லம் ஒருமுறை தம்பியின் நெற்றியில் விழுந்து புடைத்துவிட்டது. அவன் அழுதுகொண்டே அதைத் தின்றான். தீபாவளிக்கு எனக்குக் கொண்டுவந்த சிவப்புக் கவுன் காற்றில் விரிந்து, நிழல் மரமொன்றின் உச்சிக் கிளையில் போய்த் தொங்கியது. திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் லீக்ஸ் கட்டுதான். "ஒங்க அக்கா ஒனக்குன்னு பாத்துப் பாத்துப் புடுங்கிக் குடுத்தா!" என்று கத்தி எறிவார். கந்தப்பளை லீக்ஸை அம்மா லயம் முழுவதும் காட்டிப் பெருமை பேசிவிட்டுத்தான் சட்டியில் போடுவாள்.

சரி, அட்டனிலிருந்து கந்தப்பளை வரைக்கும் போகிற மனிதர் வட்டகொடையில் இறங்கி மகள் வீட்டுக்கு வந்தால் என்ன? வரமாட்டார். அதற்குக் காரணம் ஒரு கோட்டு.

அம்மாவின் தலைதீபாவளிக்குத் தாத்தா அட்டனில் தையற்காரரைப் பிடித்து, கம்பளித் துணியில் கறுப்புக் கோட்டொன்று தைத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். அளவு கண்ணால் பார்த்து எடுத்தது. அப்பாவோ நல்ல வாட்டசாட்டமான ஆள். போட்டால் கையைத் தூக்க முடியாது. கோட்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நான் நடை பழகிக்கொண்டிருந்த வயதில், தை மாதத்துப் பனியில் புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடந்த ஒரு விடியலில் எங்கள் மாடு கன்று போட்டதாம். நடுங்கிக்கொண்டிருந்த கன்றுக்கு அப்பா அந்தக் கோட்டைப் போட்டு, பொத்தானையும் பூட்டிவிட்டார். அன்றைக்கென்று பார்த்துத் தாத்தா வந்து சேர்ந்தார். "நான் மாப்பிள்ளைக்குத் தச்சேனா, மாட்டுக்குத் தச்சேனா?" என்று அவர் கேட்டபோது அப்பா பேசாமல் இருந்திருக்கலாம். "கன்னுக்குத்தான் அளவு சரியா இருக்குதுங்க மாமா" என்று சொல்லிவிட்டார். உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் சொல்லவேண்டிய உண்மையா அது? தாத்தா இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

அம்மாவுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். தன் அப்பா தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டும். ஒவ்வொரு முறையும் சேதி முடியும்போது ஜன்னலோடு சேர்ந்து நடந்துகொண்டே, "எறங்கி வாங்கப்பா, ஒரு வா சாப்டுட்டுப் போங்கப்பா" என்பாள். "வண்டி நிக்காதும்மா! நின்னா எறங்குறேன்!" என்பார் தாத்தா, ஏதோ ரயில்வேக்காரர்கள்தான் தடுப்பதுபோல. சிரித்துக்கொண்டு வீடு திரும்புகிற அம்மா, அடுப்படியில் மூக்கைச் சிந்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்பா மட்டும் என்ன? அவர் ஒருநாளும் பாதையோரத்துக்கு வந்ததில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவருக்குக் கீழ்வளைவுக்குப் பக்கத்துக் காய்கறிப் பாத்தியில் அவசரமான வேலை இருக்கும். மண்வெட்டி கையில் இருக்கும். வெட்டுகிற சத்தம் இருக்காது. மேல்வளைவுச் சேதி அவருக்குக் கேட்காதல்லவா? சாப்பிடும்போது எங்கோ பார்த்துக்கொண்டு, "அந்தச் சேவலுக்கு என்னாச்சாம்?" என்பார். என் சிவப்புக் கவுனை மரத்திலேறி எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். கவுனைப் பற்றி நல்லது கெட்டது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். பெரியம்மா மகனுக்குக் காதுகுத்து. நல்ல மழைக்காலம், நாங்கள் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா காதுகுத்துக்குப் போகிற வழியில், வழக்கம்போல் ஜன்னலில் நீட்டிக்கொண்டு, மாமா புதுச் செருப்பு வாங்கிய கதையைத் தொடங்கினார். ஈரத் தண்டவாளத்தில் இன்ஜினின் சக்கரங்கள் வழுக்கின. உறுமியது, முக்கியது, இன்னும் ஒருமுறை வழுக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. தாத்தாவின் ஜன்னல் அம்மாவின் முகத்துக்கு நேரே. இன்ஜின் சத்தம் அடங்கியது தெரியாமல் தாத்தா, "ரெண்டும் எடக்கால் செருப்பு!" என்று உச்சத்தொனியில் கத்த, அது மலையில் பட்டு எதிரொலித்தது.

"அப்பா, வண்டி நின்னுருச்சு" என்றாள் அம்மா.

தாத்தா வானத்தைப் பார்த்தார். "மழ வரும்போல இருக்கேம்மா" என்றார். பிறகு முழங்கால் வலி என்றார். பிறகு வண்டி இப்போது கிளம்பிவிடும் என்றார். கையில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண், "புள்ள இம்புட்டுக் கெஞ்சுது, எறங்குங்களேன் பெரியவரே" என்று தொடங்க, பெட்டியே சேர்ந்துகொண்டது. தாத்தா ஜன்னல் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அழவில்லை, அழாமல் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பாத்தியில் இருந்த அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார். நேரே லயத்துக்கு நடந்தார். திரும்பி வரும்போது ஒரு கையில் சோற்றுச் சட்டி, மறுகையில் குழம்பு, கக்கத்தில் தட்டு, பின்னால் தயிர்ச் செம்போடு தம்பி. அம்மாவைத் தாண்டி வந்து, சேற்றுக் காலோடு பெட்டியில் ஏறித் தாத்தாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "நீங்க எறங்க வேணாம் மாமா. நான் ஏறி வந்துட்டேன். சாப்பிடுங்க" என்றார்.

கீழே நடந்து வந்த ரயில் கார்டு, "மொகத மே?" என்று, என்ன விஷயமென்று சிங்களத்தில் கேட்டார். மாமனாருக்குக் கோபம் என்பதை அப்பா தமக்குத் தெரிந்த சிங்களத்தில், "மாமா தரஹய்" என்றார். கார்டு சிரித்துவிட்டு, தமக்கும் அப்படியொருவர் இருப்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு இன்ஜின் பக்கம் போனார்.

தாத்தா தட்டை மடியில் வாங்கிக்கொண்டார். பிறகு கையைக் கழுவினார். ஒரு வாய், இரண்டு வாய். அம்மா வெளியே நின்று, அவர் மெல்லுவதைக்கூட விடாமல் பார்த்தாள். தம்பி ஜன்னல் வழியாக நீட்டிய தயிரை ஊற்றும்போது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தாத்தா கேட்டார்: "அந்தக் கன்னு என்னாச்சு?"

"நாலு ஈத்து ஈன்டிருச்சுங்க மாமா. இந்தத் தயிரே அதோடதுதான்."

தாத்தா பிசைந்தார், தின்றார், யோசித்தார். "கோட்டுப் போட்டு வளந்த மாடு. தயிரு கெட்டியாத்தான் இருக்கு" என்றார். பெட்டி மொத்தமும் கொல்லென்று சிரித்தது. அப்பா சிரித்ததை நான் அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் போட்டார்கள்போல. ஒரு குலுக்கலோடு கோச்சி நகர்ந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க எழுந்த அப்பாவின் கையைத் தாத்தா எச்சில் கையாலேயே பிடித்தார். "நான் இன்னும் சாப்புட்டு முடிக்கல. உக்காருங்க மாப்பிள்ள." கோச்சி வளைந்து போயே போய்விட்டது. நாங்கள் ஓடினோம், அம்மாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். மேல்வளைவில் ஜன்னலில் இரண்டு தலைகள். "மாட்டுக்குப் புல்லுப் போட்டுரு!" என்று அப்பா கத்தினார். "ஒம் புருஷனுக்கு டிக்கெட்டு இல்ல!" என்று தாத்தா கத்தினார்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா, "எங்க ஒம் புருஷன்?" என்று அதட்டியிருக்கிறார். "கோச்சி தூக்கிட்டுப் போயிருச்சுங்கய்யா" என்றாளாம் அம்மா.

அன்று பின்னேரம் மேல்வளைவில் காத்திருந்தோம். கோச்சி வந்தது. ஜன்னல்களில் யாருமில்லை. பதறிக் கீழ்வளைவுக்கு ஓடினோம். அங்கேயும் எல்லாம் தெரியாத முகங்கள். அம்மா அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "மறுபடி முட்டிக்கிட்டாங்க. மொகத்தக்கூடக் காட்டாமப் போயிட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, இருட்டத் தொடங்கியதும்தான் அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தோம்.

லயத்து வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வட்டகொடையில் இறங்கிக் குறுக்குப் பாதையில் நடந்தே வந்துவிட்டார்களாம். "ஏம்மா, வீட்டுக்கு ஆளு வந்தா வாங்கன்னு கேக்கக்கூட ஒருத்தரு இல்லையா? அடுப்புல நெருப்புக்கூட இல்ல!" என்று தாத்தா சத்தம் போட்டார். அம்மா ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்து, அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்ததையெல்லாம் சமைத்தாள்.

அதற்குப் பிறகு தாத்தா வட்டகொடையில் இறங்காமல் போனதில்லை. ஆனால் வந்தால் அப்பாவோடுதான் பேச்சு. மாடு, மழை, அரசியல் என்று இருவரும் வாசலைவிட்டு நகரமாட்டார்கள். "முந்தி எனக்குன்னு கத்துனாரு, இப்ப மருமகனுக்குன்னு பேசுறாரு" என்று அம்மா முணுமுணுப்பாள். முகத்தில் கோபம் தேடினாலும் கிடைக்காது.

இப்போது மூவரும் இல்லை. சில வருடங்களுக்கு முன், கந்தப்பளையில் படுக்கையில் கிடந்த பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். "மாசா மாசம் தாத்தா ஒங்களப் பாக்க வருவாரே, ஞாபகம் இருக்கா பெரியம்மா?" என்றேன். அவள் பொக்கை வாயால் சிரித்தாள்.

"மாசா மாசமா? யாரு, எங்கப்பாவா? விசேஷம்னா வருவாரு. மத்தபடி எங்க வந்தாரு? நானுஓயாவுல அவரு கூட்டாளி தேத்தண்ணிக் கட வெச்சிருந்தாரு. அங்கயே படுத்து எந்திரிச்சு, மறுநாக் கோச்சியில திரும்பிருவாரு. இங்கேருந்து மரக்கறி ஏத்திக்கிட்டுப் போற லொறிக்காரங்ககிட்ட எங்க வீட்டுச் சேதியக் கேட்டுக்குவாரு."

"அப்ப அந்த லீக்ஸ்?"

"அங்கனயே வாங்குனது. ஒங்கம்மா என்னப் பாக்குறப்பல்லாம் 'லீக்ஸ் நல்லா இருந்துச்சுக்கா'ம்பா. நானும் 'இருக்கட்டும்டி'ன்னுருவேன். குடுக்காத லீக்ஸுக்கு எத்தன தடவ நல்ல பேரு வாங்கியிருக்கேன் தெரியுமா!"

"பின்ன எதுக்கு அம்புட்டுத் தூரம் கோச்சியில வந்தாரு?"

"எதுக்கா? போறப்ப ரெண்டு தடவ, வர்றப்ப ரெண்டு தடவ, ஒங்கம்மா மொகத்தப் பாக்கத்தான்" என்றாள் பெரியம்மா. அம்மா இதைக் கேட்க இல்லாமல் போனாளே என்று எனக்கு ஆற்றமாட்டாமல் இருந்தது.

திரும்பும்போது நானுஓயாவில் ரயிலேறினேன். இன்றைய ரயிலோடு யாரும் கூட நடக்க முடியாது. எங்கள் லயம் இருந்த இடத்தில் புல் மண்டிவிட்டது; குறுக்குப் பாதையைக் காணவில்லை; ஜன்னலெல்லாம் படம் பிடிக்கிற வெளிநாட்டுக்காரர்கள். மேல்வளைவு வந்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இந்த வயதில், இந்த உடம்போடு, தலையை வெளியே நீட்டி, "மாட்டிக்கிட்டீங்க தாத்தா!" என்று கத்தினேன்.

எதிரே இருந்த பெண் திடுக்கிட்டு, "யாரும்மா, தெரிஞ்சவங்களா?" என்று எட்டிப் பார்த்தாள். வெளியே தேயிலை மட்டும்தான் இருந்தது.