கூழாங்கற்களுக்குக் கீழே இருந்த வயது

இந்தத் தாள் கையில் கிடைக்கும் மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

அடியேன் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லன். பத்திரிகைகளை வாசித்து வாசித்தே எழுத்து நடையைப் பழகிக்கொண்டேன். பிழை இருப்பின் பொறுத்தருளவும். நான் சொல்லப்போவது ஒரு கள்ளிச் செடியைப் பற்றியும், அதன் பொருட்டு ஒரு பெண்மணியை நான் ஐயுற்றதைப் பற்றியும் ஆகும்.

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில், இருபது ஆண்டுகள் பூந்தோட்டக்காரனாக வேலை செய்தேன். அங்கே கண்ணாடி வீட்டுக்குள் வெள்ளை மயிர் மூடிய தூண்கள்ளி ஒன்று நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது முழங்கால் உயரம். அரசாங்கம் தோட்டத்தை எடுத்துக்கொண்ட பின் துரையின் மனைவியான துரைசாணி சீமைக்குப் புறப்பட்டார். புறப்பட்ட அன்று அந்தச் சாடியைத் தம் கையாலேயே தூக்கி என்னிடம் தந்தார். கடிதம் ஏதும் தரவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தின் பின் குடும்பத்தோடு வவுனியாவுக்கு வந்து, நெளுக்குளத்தில் பற்றைக்காடு வெட்டிக் குடியிருந்தோம். கள்ளியை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஈரச் சாக்கு என்னுடைய பிழை. ஒரு மாதத்துக்குள் அடி அழுகிவிட்டது. அழுகலுக்கு மேலே சவர அலகினால் அறுத்து, வெட்டுவாயில் கரித்தூள் பூசி, நிழலில் காயவைத்து, மணலில் ஊன்றினேன். வேர் பிடித்தது.

ஆனால் அயலிலே, மலைநாட்டாரை இகழும் பெயரைச் சொல்லி, "தோட்டக்காட்டானுக்கு இப்பிடியொரு செடி எங்கால வந்தது?" என்று என் காதுபடவே பேசினார்கள். களவாக முறித்த கொப்பைத்தான் அப்படி ஊன்றி வளர்ப்பார்கள். வெட்டுவாயைக் கண்டால் என்னைக் கள்வன் என்று முடிவே கட்டிவிடுவார்கள் என அஞ்சினேன். ஆகவே கூழாங்கற்களைக் கொண்டுவந்து அடியை மூடிவைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், செடி வளர்ப்பில் விருப்பமுள்ள சிலர் கூடி, வவுனியாவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். கள்ளிகளுக்கென்று தனி மேசை இருந்தது. மிக முதிய செடிக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம். ஒவ்வொரு சாடியின் முன்னும் வயதை எழுதிய அட்டை வைக்கவேண்டும். நான் நாற்பது என்று எழுதினேன். அந்தக் கிண்ணம் கிடைத்தால் அயலவர் வாய் அடங்கும் என்பதே என் எண்ணம்.

பக்கத்துச் சாடியில் மஞ்சள் முள் மூடிய உருண்டைக் கள்ளி, பெரிய பூசணிக்காய் போல இருந்தது. அட்டையில் நாற்பத்தைந்து. அதை வைத்திருந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்யும் ஒரு கைம்பெண். கணவர் வளர்த்த செடி என்றார். அவருடைய சாடியிலும் கூழாங்கற்கள் மேடாகக் குவிந்திருந்தன. யாரேனும் குனிந்தால் உடனே விரல்களால் கற்களை நிரவிவிடுவார். எதையோ மறைக்கிறார் என்று எனக்கு உறுதியாயிற்று. வேகமாய் வளரும் நாகதாளிக் கள்ளியின்மேல் உருண்டைக் கள்ளியை ஒட்டினால் விரைவில் பருக்கும். பத்து வயதை நாற்பது என்று காட்டலாம். ஒட்டு மட்டும் வெளியே தெரியக்கூடாது. காலை முழுவதும் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நடுவராக வந்திருந்த விவசாயப் போதனாசிரியரிடம் போனேன்.

"ஐயா, அந்தச் செடி ஒட்டுங்க. கல்ல எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடுமுங்க."

பிறர் சாடியில் கை வைக்கக்கூடாது என்பது கண்காட்சியின் விதி. அவர் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டார்.

"ஏன் தம்பி, என்ர செடியில என்ன குறை?"

"குறை எண்டில்லை அம்மா. அடியைப் பாத்தால் வயசு தெரியும்."

"அடி வேண்டாம். அது கொஞ்சம் பழுதாப் போச்சு. பாக்க வடிவில்லை."

கூட்டத்தில் ஒருவர், "அப்ப ஒட்டுத்தான்! ஒட்டின பசை காயேல்லைப் போல" என்று சிரித்தார்.

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "ஒட்டெண்டு சொன்ன ஆளே வந்து எடுக்கட்டும்!"

முதலில் சொன்னவன் நான் என்பதால் நானே எடுத்தேன். ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பத்திரிகைத் தாளில் வைத்தேன். ஒட்டு இல்லை. அடி முழுவதும் யானையின் முழங்காலைப் போலப் பழுப்பேறிச் சுருங்கி, மரமாக இறுகியிருந்தது. அதன்மேல் மஞ்சள் படிந்திருந்தது.

போதனாசிரியர் குனிந்து பார்த்தார். "அம்மா, இது நோய் வருத்தமில்லை. முத்தி மரமானது. இதுதானே வயசுக்குச் சாட்சி. இதை ஏன் மறைச்சனீங்கள்?"

"நான் சொறியெண்டு நினைச்சன் தம்பி. கிழமைக்கு ஒருக்கா மஞ்சள் அரைச்சுப் பூசினனான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என் சாடியைப் பார்த்தார்.

"அண்ணையின்ர சாடியிலயும் கல்லு நிறையத்தான் கிடக்கு. அதையும் ஒருக்கா எடுப்பமோ?"

விதியைச் சொல்லித் தப்பியிருக்கலாம். அதை மீறவைத்தவன் நானே.

"வேணாங்கம்மா. கீழ வெட்டுத்தான் இருக்கு. அழுகிப் போச்சுன்னு அஞ்சு வருஷத்துக்கு முன்ன நானே வெட்டி வச்சேங்க. ஆனா செடி பழசுங்க. தொரசாணி கையால குடுத்ததுங்க."

போதனாசிரியர் தலையைச் சொறிந்தார். "தலைக்கு நாப்பது, காலுக்கு அஞ்சு. நான் எதை எழுதுறது?"

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்: "வெட்டினதை ஒளிச்சனீங்கள். தந்ததெண்டது மட்டும் உண்மையெண்டு எப்பிடி நம்புறது, அண்ணை?"

கிண்ணம் அவருக்குப் போயிற்று, அது முறையே. நான் சாடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கற்களையெல்லாம் வேலியோரம் கொட்டினேன். அதன் பிறகு என் முற்றத்துக்கு வருகிறவர்கள் முதலில் வெட்டுவாயைப் பார்ப்பார்கள். அடுத்து என் முகத்தைப் பார்ப்பார்கள்.

இதை எழுதுவது எண்பத்தொன்பதாம் ஆண்டில். அந்தச் செடியை வெட்டியவன் நான். அதை எனக்குத் தந்தவர் துரைசாணி. முதலாவதற்கு வெட்டுவாய் சாட்சி. இரண்டாவதற்கு இந்தத் தாளைத் தவிர வேறு எதுவும் இல்லை. தயவுசெய்து இதைக் கிழித்தெறியாமல் வைத்திருங்கள்.